ஒரே ஒரு புள்ளியில் வந்த கோப்பை! இரண்டே ஆண்டில் காணாமல் போன அணி!

பொட்டிப்புரம் என்ற பெயர் பத்திரிகையில் வந்தாலே, “நியூட்ரினோ சமாசாரமா?” என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2015-ம் ஆண்டு மத்திய அரசு அனுமதி கொடுத்தது முதல், மலையைக் குடையலாமா கூடாதா என்ற வாதம்தான் இந்த ஊருக்கு அடையாளம் ஆகிப் போனது.

இன்றைக்கு அந்தப் பேச்சு இல்லை. இன்றைக்குப் பேசப் போவது புட்பால்!

“நம்ம பக்கம் கபடி உண்டு, வாலிபால் உண்டு, மூலைக்கு மூலை கிரிக்கெட் உண்டு. புட்பாலுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று தேவாரத்திலும் போடியிலும் டீக்கடையில் கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது.

இங்கே இருந்து போடி, தேனி, வத்தலக்குண்டு, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் கோவை. அந்தக் கோவையில், வ.உ.சி. பூங்கா பக்கம் இருக்கும் நேரு ஸ்டேடியத்தில்தான், 2019-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி சனிக்கிழமை மாலை, இந்தியாவின் ஆண்கள் தேசியக் கால்பந்து லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டு அணி ஒன்று முதல் தடவையாகக் கைப்பற்றியது.

அணியின் பெயர், சென்னை சிட்டி. போட்டியின் பெயர், ஐ-லீக். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு புள்ளி!

அதைவிடப் பெரிய அதிசயம், அதற்குப் பிறகு நடந்தது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வெள்ளாமை மாதிரி!

லீக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை.

கோப்பைப் போட்டி இருக்கிறதே, அது ஜல்லிக்கட்டு மாதிரி. பல்லவராயன்பட்டியிலோ அய்யம்பட்டியிலோ வாடிவாசல் திறந்தால் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

லீக் அப்படி அல்ல. அது வெள்ளாமை மாதிரி. உழவேண்டும், நாற்று நடவேண்டும், தண்ணீர் கட்டவேண்டும், களை எடுக்கவேண்டும். ஒரு நாள் மழை பெய்தால் போதாது. பருவம் முழுக்கக் கண்விழித்துக் காக்க வேண்டும்.

2018-19 ஐ-லீக்கில் மொத்தம் 11 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 10 அணிகளோடு, சொந்த ஊரில் ஒரு தடவை, எதிரி ஊரில் ஒரு தடவை மோத வேண்டும். ஆக, ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். ஜெயித்தால் 3 புள்ளி. டிரா ஆனால் 1 புள்ளி. தோற்றால் பூஜ்யம். கடைசியில் யாரிடம் புள்ளி அதிகமோ, அவர்களுக்குப் பட்டம். அரை இறுதி, இறுதி ஆட்டம் என்ற பேச்சே கிடையாது.

எதிரிகள் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1889-ல் தொடங்கிய மோகன் பகான், 1920-ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் என்று கொல்கத்தாவின் இரண்டு கிழட்டுச் சிங்கங்கள். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். மலைநாட்டு ஐஸால், நெரோகா, ஷில்லாங் லஜோங். கேரளாவின் கோகுலம். நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாப். அந்த ஆண்டுதான் முதன்முதலாக மேல் லீக்குக்கு வந்த ஸ்ரீநகரின் ரியல் காஷ்மீர். கால்பந்து சம்மேளனம் சின்னப் பையன்களை வைத்து நடத்திய இந்தியன் ஆரோஸ்.

இவர்களுக்கு நடுவே, 2016-ம் ஆண்டு கடைசியில்தான் ஐ-லீக்குக்குள் நுழைந்த சென்னை சிட்டி. முதல் இரண்டு பருவத்திலும் 8-வது இடம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அணி!

சென்னை அணி, கோவை மண்!

“சென்னை அணிக்குக் கோவையில் என்ன வேலை?” என்று கேட்கலாம்.

சென்னையில் இருக்கும் நேரு ஸ்டேடியம், ஐ.எஸ்.எல். என்ற மற்றொரு போட்டியில் ஆடும் சென்னையின் எப்.சி. அணிக்குத் தாய்வீடு. அதனால் சென்னை சிட்டி கோவைக்கு வந்தது. பெயரில் சென்னை, பந்து உருண்டது கொங்கு மண்ணில்.

அப்போது இந்தியாவில் இரண்டு பெரிய லீக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டு இருந்தன. ஐ.எஸ்.எல். பணக்கார லீக். சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் நட்சத்திரங்களும் அணிகளில் பங்குதாரர்கள். அதில் சென்னையின் அணி 2015-லும் 2017-18-லும் பட்டம் வென்று இருந்தது.

ஆனால் ஆசியாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றுக்கு டிக்கெட், ஐ-லீக் சாம்பியன் கையில்தான் இருந்தது. எளிய வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய வீட்டுச் சாவி கிடைத்த மாதிரி!

போனவர் ஒருவர், வந்தவர்கள் ஐவர்!

2017-18 பருவத்தில் சென்னை சிட்டியின் கண்மணி, மைக்கேல் சூசைராஜ். குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். அந்தப் பருவத்தின் சிறந்த நடுக்கள வீரர் என்ற விருதை வாங்கியவர். அவரை ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூர் அழைத்துக்கொண்டு போய்விட்டது.

நல்ல ஆட்டக்காரர் போய்விட்டால் சின்ன அணி சாய்ந்துவிடும். சென்னை சிட்டி சாயவில்லை. சிங்கப்பூரில் இருந்து அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளரைக் கொண்டுவந்தது.

ஸ்பெயினில் ஆடிக்கொண்டு இருந்தவர்களைப் பிடித்து வந்தது. முன்கள வீரர் பெட்ரோ மான்சி. நடுக்களத்தில் நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ். பின்களத்தில் ராபர்டோ எஸ்லாவா. கோல் கம்பத்துக்கு நடுவே நௌசெட் சந்தானா.

இவர்கள் பார்சிலோனா, ரியல் மாட்ரிட் போன்ற கொடிகட்டிய அணிகளின் ஆட்டக்காரர்கள் அல்ல. அங்கே கீழ்ப் பிரிவுகளில் ஆடியவர்கள். ஆனால் ஒருவர் பந்தைத் தொடும்போது மற்றவர் எங்கே ஓடுவார் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள்.

அவர்களோடு சேர்ந்து ஓடியவர்கள் நம் தமிழ்நாட்டுப் பையன்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், சார்லஸ் ஆனந்தராஜ், ஸ்ரீராம் பூபதி என்று ஒரு படையே இருந்தது.

மற்ற அணிகளில் தமிழ்ப் பெயர் ஒன்று இருந்தால் பெரிய விஷயம். இங்கே அணிப் பட்டியலைப் படித்தால் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி இருந்தது!

மான்சியின் கால்!

2018 அக்டோபர் 26-ந் தேதி, பருவத்தின் முதல் நாள். கோவையில் சென்னை சிட்டியும் இந்தியன் ஆரோஸும் மோதின. 4-1 என்று சென்னை சிட்டி வென்றது. மான்சி மூன்று கோல். முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக்!

உருகுவே நாட்டில் பிறந்து ஸ்பெயினில் ஆடியவர் இந்த மான்சி. பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறவர் அல்ல. கோல் பகுதிக்குள் பந்து எங்கே விழும் என்று முகர்ந்து பார்த்து நிற்கிறவர். விழுந்தது என்றால், அடுத்த நொடி வலைக்குள்.

அந்தப் பருவத்தில் சென்னை சிட்டி அடித்த கோல் மொத்தம் 48. அதில் மான்சி ஒருவரே அடித்தது 21! சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21 கோல் அடித்தார். இருவரும் முதல் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

முக்கியமான கணக்கு இன்னொன்று. பட்டத்துக்குக் குடுமிப்பிடியாக நின்ற ஈஸ்ட் பெங்காலை, அந்தப் பருவத்தில் சென்னை சிட்டி இரண்டு தடவையும் தோற்கடித்தது. கொல்கத்தாவிலும் ஜெயித்தது, கோவையிலும் ஜெயித்தது. அந்த இரண்டில் ஒன்று கைநழுவி இருந்தால்கூட இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியம் வந்து இருக்காது.

கடைசி நேரத்தில் சறுக்கல்!

பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது ஒரு சறுக்கல். மார்ச் மாதத் தொடக்கத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோல்வி. அன்று ஜெயித்து இருந்தால் நிம்மதியாகத் தூங்கி இருக்கலாம். தோற்றதால், எல்லாம் கடைசி நாளுக்குப் போய்விட்டது.

19 ஆட்டம் முடிந்த நிலையில், சென்னை சிட்டி 40 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி.

மார்ச் 9-ந் தேதி மாலை, ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் ஆட்டம். கோவையில் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும். கோழிக்கோட்டில் கோகுலமும் ஈஸ்ட் பெங்காலும்.

ஒரு மலைத்தொடரின் இந்தப் பக்கம் ஓர் ஆட்டம், அந்தப் பக்கம் ஓர் ஆட்டம். கண் இங்கே, காது அங்கே!

சென்னை சிட்டி ஜெயித்தால் வேறு கணக்கே வேண்டாம். டிரா ஆகி, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால், பட்டம் கொல்கத்தாவுக்கு. ஈஸ்ட் பெங்கால் கடைசியாக தேசிய லீக் பட்டம் வாங்கியது 2003-04-ல். 15 வருடப் பசி!

90 நிமிடம்!

ஆட்டம் தொடங்கி மூன்றே நிமிடம். மினர்வாவின் ரோலண்ட் பிலாலா பந்தை வலைக்குள் தள்ளினார். சென்னை சிட்டி 0, மினர்வா 1.

இடைவேளை வரை அதே நிலை. கோழிக்கோட்டில் கோல் எதுவும் விழவில்லை. அந்த நேரத்துக் கணக்குப்படி இரண்டு அணிக்கும் 40, 40. நேருக்கு நேர் மோதலில் ஜெயித்ததால் சென்னை சிட்டிதான் மேலே. ஆனால் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் போட்டால், எல்லாம் தலைகீழ்!

இடைவேளைக்குப் பிறகு, 56-வது நிமிடம். சென்னை சிட்டிக்குப் பெனால்டி. மான்சி அடித்தார். 1-1.

69-வது நிமிடம். கௌரவ் போரா! அசாம் மாநிலத்தில் இருந்து வந்த பின்கள வீரர். கோல் தடுப்பதுதான் அவர் வேலை. அவர் முன்னே போய் கோல் போட்டார். 2-1!

அதே சமயத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தின் மார்கஸ் ஜோசப் கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியது. “முடிஞ்சது கதை, பட்டம் நம்மதுதான்” என்று நினைத்த நேரத்தில், ஈஸ்ட் பெங்கால் சீறி எழுந்தது. 79-வது நிமிடத்தில் பெனால்டி மூலம் ஒன்று. 85-வது நிமிடத்தில் இன்னொன்று. அங்கே 2-1 என்று ஈஸ்ட் பெங்கால் முன்னிலை!

இப்போது கோவையில் மினர்வா ஒரு கோல் போட்டால் போதும். 20 ஆட்டமும், நான்கரை மாத உழைப்பும் தண்ணீரில் எழுதிய எழுத்து.

மினர்வா போடவில்லை. இழப்பு நேரத்தில் மறுபடியும் போரா! 3-1!

ஆட்டம் முடிந்தது. சென்னை சிட்டி 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42.

இரண்டு அணிகளும் வென்ற ஆட்டங்கள் 13, 13. சமம்தான். சென்னை சிட்டி 4 ஆட்டங்களை டிரா செய்து 3-ல் தோற்றது. ஈஸ்ட் பெங்கால் 3 ஆட்டங்களை டிரா செய்து 4-ல் தோற்றது. தோற்க வேண்டிய ஓர் ஆட்டத்தைத் தோற்காமல் காப்பாற்றியதற்குக் கிடைத்த கூலிதான் அந்த ஒரு புள்ளி.

போடி ஏலக்காய் ஏலத்தில், கடைசி விலை ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டவனுக்குத்தான் சரக்கு. அப்படித்தான் இதுவும்.

பாங்கு வேலையும் பந்தும்!

தேசிய லீக்கில் ஆடிய முதல் தமிழ்நாட்டு அணி என்று சென்னை சிட்டியைச் சொல்ல முடியாது. 1996-97-ல் தேசிய லீக் தொடங்கியபோதே சென்னையின் இந்தியன் வங்கி அணி களத்தில் இருந்தது. அதன் ஆட்டக்காரர்கள் பாங்கு ஊழியர்கள்.

அந்தக் காலத்தில் பந்து உதைக்கத் தெரிந்த பையனுக்கு ஒரு வழி இருந்தது. பள்ளிக்கூட அணி, பிறகு மாவட்ட அணி, பிறகு சென்னை லீக், பிறகு சந்தோஷ் டிராபி. அதற்குள் பாங்கு, ரெயில்வே, ஐ.சி.எப். என்று ஏதாவது ஓர் இடத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. சம்பளம் மாதாமாதம் வரும். கால் உடைந்தாலும் கஞ்சி உண்டு. பெண் கொடுக்கிறவர்களும் யோசிக்க மாட்டார்கள்!

தமிழ்நாட்டுக்காரரான ராமன் விஜயன், 1997-98 தேசிய லீக்கில் 10 கோல் அடித்து முதல் இடம் பிடித்தார். ஆனால் அடித்தது கொச்சி அணிக்காக. ஆட்டக்காரர் நம்மவர், கோப்பைக் கனவு பக்கத்து வீட்டுக்காரருடையது. இந்தக் குறையைத்தான் 2019 மார்ச் 9 தீர்த்து வைத்தது.

அதே 2019 மே மாதம் இன்னொரு சந்தோஷம். பெண்களுக்கான தேசிய லீக்கில், நமக்குப் பக்கத்தில் இருக்கும் மதுரையின் சேது அணி, லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்துப் பட்டம் வாங்கியது. ஒரே வருடத்தில் ஆண்கள் லீக்கும் தமிழ்நாட்டுக்கு, பெண்கள் லீக்கும் தமிழ்நாட்டுக்கு!

பிறகு என்ன ஆச்சு?

இங்கேதான் கதை திரும்புகிறது.

பட்டம் வாங்கிய வருடமே, ஸ்விட்சர்லாந்தின் புகழ்பெற்ற பேசல் அணி, சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அடுத்து நடந்த சூப்பர் கோப்பையில், ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரை 2-1 என்று சென்னை சிட்டி வீழ்த்தியது. ஏழைப் பிள்ளை பணக்கார வீட்டுப் பிள்ளையை ஓட்டப்பந்தயத்தில் முந்தியதைப் போல!

ஆனால் 2019 அக்டோபரில், இந்தியாவின் முதல் லீக் இனி ஐ.எஸ்.எல்.தான் என்ற திட்டத்துக்கு ஆசியச் சம்மேளனம் ஒப்புதல் கொடுத்தது. ஐ-லீக் ஒரு படி கீழே இறங்கியது. சாவி கைமாறியது.

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நெஸ்டர் ஐதராபாத்துக்கு. எட்வின் சென்னையின் அணிக்கு. 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானுக்கு. ரொமாரியோ கோவாவுக்கு. அஜித்குமார் பெங்களூருக்கு. பிழைக்கத் தெரிந்தவர்கள் என்று குறை சொல்ல முடியாது. ஆட்டக்காரன் கால் பத்து வருடம்தான் ஓடும்.

2020 ஜனவரியில், கஷ்டப்பட்டுச் சம்பாதித்த ஆசிய டிக்கெட்டோடு பக்ரைன் போனது சென்னை சிட்டி. அல் ரிப்பா அணியிடம் 0-1 என்று தோற்று, முதல் ஆட்டத்தோடு வெளியே வந்தது. அடுத்து ஏ.எப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியோடு 2-2 என்று டிரா. பிறகு கொரோனா வந்தது. அந்தப் போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள்.

2020-21 ஐ-லீக், கொரோனா காரணமாக முழுக்க முழுக்க மேற்கு வங்காளத்தில் நடந்தது. கோவையில் ஓர் ஆட்டம்கூட இல்லை. அடுத்த 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை!

கோப்பை வாங்கி முழுசாக மூன்று வருடம் முடியவில்லை. அதற்குள் காணாமல் போனது.

நான்கு பேரில் ஒருவர்!

அன்று மாலை இரண்டு மைதானங்களில் நான்கு அணிகள் ஆடின அல்லவா? அவற்றின் கதையைக் கேளுங்கள்.

இரண்டாம் இடத்தில் வந்து ஏமாந்த ஈஸ்ட் பெங்கால், 2020-ல் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வாங்கியது.

கோவையில் தோற்ற மினர்வா, கைமாறிப் பெயரும் மாறி, 2022-23 ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. இன்றைய பஞ்சாப் எப்.சி. அதுதான்.

கோழிக்கோட்டில் தோற்ற கோகுலம், 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு தடவை ஐ-லீக் சாம்பியன் ஆனது.

தோற்ற மூன்று அணிகளும் மேலே போயின. ஜெயித்த அணிதான் இல்லாமல் போனது! இதைவிட வேடிக்கை உண்டா?

வேடிக்கை மட்டும் அல்ல, வருத்தமும்கூட. ஓர் அணி மறைந்தால் முதலாளிக்குப் பண நஷ்டம். ரசிகனுக்கு மனக் கஷ்டம். உண்மையான நஷ்டம் யாருக்கு என்றால், அந்த அணியில் இடம் கிடைத்து இருக்கக்கூடிய பையன்களுக்கு.

எட்வினும் ரொமாரியோவும் அஜித்குமாரும் பெரிய லீக்குக்குப் போனதற்கு முன்னால், அவர்களை வாரா வாரம் களத்தில் இறக்கி, நாடு முழுக்கக் காட்டிய ஏணி ஒன்று இருந்தது. அந்த ஏணியின் பெயர்தான் சென்னை சிட்டி. ஐ.எஸ்.எல். அணி எடுத்த எடுப்பில் கிராமத்துப் பையனைத் தேடி வராது. யாராவது முதலில் ஆடவிட்டு, அவனை ஆளாக்கி இருக்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில், பள்ளிக்கூடம் விட்டதும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பையன்களுக்கு ஓட்டத்துக்குக் குறைவு இல்லை. மேற்கே மலை, கிழக்கே வயல், நடுவே ஓடி ஓடி வளர்ந்த கால்கள். குமரிக் கடற்கரை மணலில் ஓடிய சூசைராஜால் முடிந்தது என்றால், இந்த மண்ணில் ஓடுகிறவனாலும் முடியும்.

“ஓடிப் போய் எங்கே சேர்வது?” என்று அவன் கேட்டால், 2019-ல் கையைக் காட்டிச் சொல்ல ஒரு சாம்பியன் அணி இருந்தது, பஸ்ஸில் போனால் எட்டுகிற ஊரில்!

தேசிய லீக் சாம்பியன்களின் பட்டியலை எப்போது எடுத்துப் பார்த்தாலும், 2018-19 என்ற வருடத்துக்கு நேரே சென்னை சிட்டி என்றுதான் இருக்கும். 43 புள்ளி. அதை யாரும் அழிக்க முடியாது.

அந்தப் பெயருக்குப் பின்னால் நின்ற அணியைத்தான் காப்பாற்ற முடியவில்லை.